துபாய் வேலைக்குக் கிளம்பும் முன் ஊரிலேயே முடிக்க வேண்டியவை: நாலு பேர் சொல்றது

காரைக்குடி எச்ஆர்:

ஆஃபர் வந்ததும் சூட்கேஸ் வாங்க ஓடாதீங்க. முதல்ல பாஸ்போர்ட்டைத் திறந்து சர்நேம் கட்டத்தைப் பாருங்க. நம்ம ஆளுங்க நிறையப் பேருக்கு அது காலியா இருக்கும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாதுன்னு 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் சொல்லிச்சு. அப்புறம், கடைசிப் பக்கத்தில் அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா போதும்னு தளர்த்தினாங்க. ஏர்லைன் கவுன்டரில் நின்னு மல்லுக்கட்ட வேண்டாம்னா ரீஇஷ்யூ (மறுபடி புது பாஸ்போர்ட்) போட்டு நிரப்பிடுங்க. கம்பெனி விசாவுக்குப் போடும் முன்னாடியே அதைச் செய்யணும். ரீஇஷ்யூவில் நம்பர் மாறும். என்ட்ரி பர்மிட் பழைய நம்பரில் வந்தா தலைவலி.

அடுத்தது இனிஷியல். டிகிரியில் "மு. செல்வம்", பாஸ்போர்ட்டில் "செல்வம் முத்தையா", கல்யாணச் சான்றிதழில் வெறும் "செல்வம்". அதிகாரி கண்ணுக்கு இது மூணு ஆள். வேலை விசாவில் தப்பிச்சாலும் மனைவிக்கு விசா போடும்போது மாட்டும். திருமணப் பதிவிலேயே பாஸ்போர்ட்டில் உள்ள மாதிரி பேரை எழுதச் சொல்லுங்க.

அட்டெஸ்டேஷனில் (சான்றிதழ் உண்மைன்னு முத்திரை வாங்குறது) வரிசை மாறக்கூடாது: மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், இறங்கின பிறகு அங்கத்திய வெளியுறவு அமைச்சகம். "அப்போஸ்டில் போதும் சார்"னு ஏஜென்ட் சொன்னா நம்பாதீங்க. அது ஒப்பந்தம் போட்ட நாடுகள் மட்டும் ஏத்துக்கிற முத்திரை, அமீரகம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. முத்திரை ஒரிஜினலின் பின்பக்கம் விழும் என்பதால் லேமினேட் பண்ணின சான்றிதழ் உதவாது. லேமினேஷனை வீட்டில் பிரிச்சா மை உரிஞ்சு வரும். அதுக்குன்னு இருக்கிற ஆளிடம் கொடுங்க.

ஷார்ஜா கணக்கர்:

எச்ஆர் அண்ணே பேப்பரைச் சொல்லிட்டார், நான் சம்பளத்தைச் சொல்றேன். மொத்தம் 4,000 திர்ஹாம்னு பார்த்துக் கையெழுத்து போடாதீங்க. அதில் பேசிக் (அலவன்ஸ் சேராத அடிப்படைச் சம்பளம்) எவ்வளவுன்னு பாருங்க. கிராஜுவிட்டி (வேலையை விட்டுக் கிளம்பும்போது தர்ற தொகை) பேசிக்கை வெச்சுதான்: முதல் அஞ்சு வருஷத்துக்கு வருஷம் 21 நாள் சம்பளம், அதுக்கு மேல 30 நாள். பேசிக் 1,600 என்றால் அஞ்சு வருஷ முடிவில் 5,600 திர்ஹாம். பேசிக் 2,800 என்றால் 9,800. ஓவர்டைமும் பேசிக்கில்தான் கணக்கு. கம்பெனிக்கு இது நல்லாவே தெரியும், அதனால்தான் அலவன்ஸை ஊதி வைக்கிறாங்க.

2021-இன் 33-ஆம் எண் அமீரகத் தொழிலாளர் சட்டப்படி விசா, பெர்மிட் செலவு முதலாளியுடையது. பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்கவும் கூடாது. புரொபேஷன் (சோதனைக் காலம்) ஆறு மாசத்துக்கு மேல போகாது. ஆஃபர் லெட்டரைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம், வெட்கப்படாதீங்க.

பத்தாவது முடிக்காத தம்பிகள் பாஸ்போர்ட்டில் பொதுவா ஈசிஆர் (வெளிநாட்டு வேலைக்கு அரசு அனுமதி வேணும்ங்கிற குறி) இருக்கும். அவங்க இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் கிளியரன்ஸ் வாங்கித்தான் வேலைக்குப் போக முடியும். அதோடு 10 லட்ச ரூபாய் இன்ஷூரன்ஸும் வரும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம்னு அரசு சொன்ன உச்ச வரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். "விசிட்டில் போ, அங்க மாத்திக்கலாம்"னு லட்சக்கணக்கில் கேட்கிறவன் கிளியரன்ஸ், இன்ஷூரன்ஸ் ரெண்டையும் சேர்த்தே முழுங்குறான்.

பர்துபாய் அடுப்படி:

பெட்டியில் கசகசா இருக்கவே கூடாது. ஒரு ஸ்பூன் கூட. அங்க அது போதைப்பொருள் வழக்கு. பாக்கெட்டா யாரும் கொண்டு வரமாட்டாங்க, அம்மா அரைச்சுக் கொடுக்கிற குருமாப் பொடியிலும் கறி மசாலாவிலும்தான் ஒளிஞ்சிருக்கும். "இதில் கசகசா போட்டீங்களா"ன்னு கேட்டுட்டுக் கட்டுங்க. வெற்றிலை, பாக்கும் தடை.

மாத்திரையில் டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, நரம்பு வலிக்குத் தர்ற பிரிகாபலின் மூணும் கட்டுப்பாட்டில் இருப்பவை. டாக்டர் சீட்டு மட்டும் போதாது. அமீரக அரசுத் தளத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கணும். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை அட்டையோடு, மருந்தின் மூலப் பெயர் எழுதின சீட்டோடு கொண்டு வாங்க. டப்பாவில் கொட்டிக் கொண்டு வந்தா என்ன மாத்திரைன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

பிளக் மூணு செவ்வக முனை. ஒரு பிளக் கன்வர்ட்டரும் ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ணும் போதும், ஆனா அதில் இண்டக்‌ஷன் அடுப்பு மாட்டாதீங்க.

தேரா வாடகைக்காரன்:

வாடகை வருஷக் கணக்கு, செக்கில். வருஷம் 40,000 திர்ஹாம், நாலு செக் என்றால் முதல் செக் 10,000. அட்வான்ஸ் 5 சதவீதம் 2,000 (ஃபர்னிஷ்டு வீடானா 10 சதவீதம்), புரோக்கர் கமிஷன் வழக்கமா இன்னொரு 2,000, கரண்ட்-தண்ணி டெபாசிட் ஃபிளாட்டுக்கு 2,000. ஆக சாவி வாங்கவே 16,000. செக் புக் வேணும்னா பேங்க் அக்கவுன்ட், அதுக்கு எமிரேட்ஸ் ஐடி (அமீரக அடையாள அட்டை), அதுக்கு மெடிக்கல் (மருத்துவப் பரிசோதனை). அதனால ஆரம்பத்தில் பெட்ஸ்பேஸ்தான் (பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில் வாடகைக்கு), குடும்பத்தைக் கையோடு கூட்டி வராதீங்க. மெடிக்கலில் நெஞ்சு எக்ஸ்ரே உண்டு; பழைய காசநோய்த் தழும்பு இருக்கிறவங்க ஊரிலேயே எடுத்துப் பார்த்துட்டு டிக்கெட் போடுங்க.

ஷார்ஜா கணக்கர்:

விட்டுப்போச்சு. ஊர் சேவிங்ஸ் அக்கவுன்டை என்ஆர்ஓவா (வெளிநாட்டில் இருக்கிறவங்களோட ஊர் வருமானத்துக்கான கணக்கு) மாத்தணும், இங்கிருந்து அனுப்பும் பணத்துக்குத் தனியா என்ஆர்இ கணக்கு. என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, என்ஆர்ஓ வட்டியில் டிடிஎஸ் (முன்கூட்டியே வரி) பிடிப்பாங்க. கிளம்பும் முன் ஊர் சிம்மில் ரோமிங்கை ஆன் பண்ணுங்க. இல்லைன்னா இங்க சிக்னலே எடுக்காது, பேங்க் ஓடிபியும் ஆதார் ஓடிபியும் வராது.