புதுப்பிப்பு: யுன்னான் கல்விப் பயணம், போய் வந்தாயிற்று

பள்ளிப் பிள்ளைகளைச் சீனாவின் யுன்னான் மாகாணத்துக்கு அழைத்துப் போகிறோம்; லிஜியாங், குன்மிங் பக்கத்துக் கற்காடு (மரங்கள்போல் உயர்ந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள்), யுவான்யாங் இவற்றில் எங்கே அதிக நேரம் தங்கலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பலரும் யுவான்யாங் என்றீர்கள். அப்படியே செய்தோம். நன்றி!

அங்கே ஹானி மக்களின் படிக்கட்டு வயல்கள் 2013-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. உச்சியில் காடு, அதற்குக் கீழே ஊர், பிறகு வயல்கள், அடியில் ஆறு. காடு பிடித்து வைக்கும் தண்ணீர்தான் கால்வாய் வழியே ஒவ்வொரு வயலுக்கும் இறங்குகிறது. வாய்க்கால் பிரியும் இடத்தில் பள்ளம் வெட்டிய ஒரு மரக்கட்டை. பள்ளத்தின் அகலம்தான் ஒவ்வொருவரின் தண்ணீர்ப் பங்கு. பிள்ளைகள் அதை விட்டு நகரவே இல்லை. காட்டை வெட்டினால் என்ன ஆகும் என்று நாங்கள் கேட்கும் முன்பே அவர்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள். பாடப்புத்தகத்தில் எத்தனை பக்கம் படித்தாலும் இது கிடைக்காது.

கற்காடு அரை நாளில் முடிந்தது, கூட்டம் அதிகம். லிஜியாங்கில் நாஷி மக்களின் தோங்பா சித்திர எழுத்துக்கு நேரம் ஒதுக்குங்கள், கடைத்தெருவைக் குறைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், எந்த மாதம் போகலாம் என்று கேட்டவர்களுக்கு: வயலில் தண்ணீர் நிறைந்திருப்பதைப் பார்க்க குளிர்காலம்தான் சரி. மலையில் மூடுபனி அடிக்கடி வரும், ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். லிஜியாங் சுமார் 2,400 மீட்டர் உயரம். முதல் நாள் பிள்ளைகளை அதிகம் நடக்க விடாதீர்கள்.