சொதிக்கு முதற்பால் விடலாமா? கொலஸ்ட்ரோல் கூடினவருக்கு எந்த எண்ணெய்?

உப்புவெளியான்:
கெட்ட கொலஸ்ட்ரோல் எண்டுற எல்.டி.எல் 160 எண்டு றிப்போட் வந்தவுடன தேங்காய் எண்ணெயை நிப்பாட்டச் சொல்லுறது பிழை. அதில பாதிக்குக் கிட்ட லோரிக் அமிலம் எண்ட கொழுப்பு. நேரே ஈரலுக்குப் போய் எரிஞ்சுபோகும். பப்புவா நியூ கினியாவின்ர கிட்டாவாத் தீவில சனம் தேங்காயோடதான் வாழ்ந்தது, மாரடைப்பு அரிது.

மூதூர்க்காரன்:
அண்ணை, நேரே ஈரலுக்குப் போறது 8, 10 கார்பன் உள்ள கொழுப்பு. லோரிக் 12 கார்பன், பெரும்பகுதி நிணநீர் வழியாத்தான் போகும். கிட்டாவாவில கிழங்கு, மீன், பழம், முழுத் தேங்காய். போத்தல் எண்ணெய் இல்லை. சீனியும் மாவும் அரிது. தேங்காய் எண்ணெயில கூட இருக்கிற நிறைவுற்ற கொழுப்பு கூடினா ஈரல் எல்.டி.எல்லைப் பிடிக்கிற வாங்கிகளைக் குறைக்குது, அது இரத்தத்திலயே தங்கும். 2020இல் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சூரியகாந்தி, சோயா போன்றவற்றை விடத் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்லைச் சுமார் 10 மி.கி கூட்டியிருந்தது. ஒரு மேசைக்கரண்டியில நிறைவுற்றது கிட்டத்தட்ட 12 கிராம். 2000 கலோரி சாப்பிடுறவருக்கு உலக சுகாதார நிறுவனம் வைக்கிற எல்லை நாளைக்கு 22 கிராம்.

உப்புவெளியான்:
அப்ப சிட்னியில இதய நோயாளியளுக்கு எண்ணெயை மாத்திப் பார்த்த ஆய்வு? நிறைவுற்ற கொழுப்பை விட்டுக் குசும்பா (சாஃப்ளவர்) எண்ணெய்க்கு மாறினவையிலதான் சாவு கூட எண்டு 2013 மறுஆய்வு சொல்லுது.

மூதூர்க்காரன்:
உண்மை, மறைக்கத் தேவையில்லை. ஆனா அந்த எண்ணெயில மீனில இருக்கிற மாதிரி ஒமேகா 3 கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை, மாஜரினும் சேர்ந்திருந்தது. அதனால எண்ணெயை மட்டும் மாத்திப்போட்டு மீனை விடக்கூடாது. கடையில அளந்து தாற "மரக்கறி எண்ணெய்" பாம் எண்ணெயாயும் இருக்கலாம். அதில பாதி நிறைவுற்றது. திருகோணமலை வெக்கையில எல்லாம் தண்ணியாத்தான் நிக்கும். சின்னப் போத்தலில ஊத்தி ஒரு இரவு பிரிட்ஜில வையுங்கோ. தேங்காய் எண்ணெய் கட்டியாகும், பாம் கலங்கி உறையும், சூரியகாந்தியும் சோயாவும் தெளிவா நிக்கும்.

கோணமலைக் குசினி:
சொதிக்கு வாறன். 100 மி.லி முதற்பாலில நிறைவுற்ற கொழுப்பு கிட்டத்தட்ட 20 கிராம். நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 5. கொதிக்கிறது இரண்டாம் பால், அடுப்பால இறக்கேக்குள்ள முதற்பால் 100 மி.லி, அதுக்கு மேல வேண்டாம். பாலைப் பிழிஞ்சா நார் தேங்காய்ப்பூவிலயே நிண்டுபோகும். சம்பலில அது வயித்துக்குள்ள வரும். சொதியைக் குறைச்சுப்போட்டுப் பிட்டைக் கூட்டிச் சாப்பிட்டா இரத்தத்தில டிரைகிளிசரைட் எண்ட கொழுப்பு ஏறும், குறைச்சதில பலன் இல்லை. சாளை, சூடை கிழமைக்கு ரெண்டு நாள், கொறுக்காய் போட்டுக் கறியா. பொரிச்சா மீன் எண்ணெயைக் குடிக்கும்.

உப்புவெளியான்:
தாளிக்க ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விடலாம் எண்டா சரி. ஆனா வடை பொரிச்ச எண்ணெயில புது எண்ணெய் விட்டு விட்டுப் பொரிக்கிறதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. சூரியகாந்தி எண்ணெய்தான் சூட்டில கெதியாக் கெடுறது.

மூதூர்க்காரன்:
அதில நீங்கள் சொல்லுறதுதான் சரி. நுரை அடங்காம நிண்டால், எண்ணெய் தடிச்சால், வழக்கத்தை விட முந்திப் புகைஞ்சால், அதை எறிஞ்சுபோடுங்கோ. எண்ணெயை மாத்தினதுக்குப் பிறகு 6 தொடக்கம் 8 கிழமையில திரும்ப இரத்தம் பாருங்கோ. மருந்து குடிக்கிறவர் டாக்குத்தரைக் கேக்காம மருந்தை நிப்பாட்டக்கூடாது.