மொட்டைமாடியில் மூன்று பாலே: பார்த்தவர்கள் சொல்கிறார்கள்

பாளையங்கோட்டை, பரத ஆசிரியை:

மார்கழி முடிய இரண்டு நாள் இருந்தது. பிராங்பர்ட்டில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் ஊருக்கு வந்திருந்தான். பாலே என்னும் ஐரோப்பிய மேடை நடனத்தின் பதிவுகளைக் கொண்டுவந்ததும் அவன்தான், கல்யாண வீடியோக்காரரிடம் புரொஜெக்டரை இரவல் வாங்கியதும் அவன்தான். திரைக்கு என் மாமனாரின் எட்டு முழ வேட்டி. அதன் கரை, ஆடுகிறவர்களின் காலடியில் சிவப்புக் கோடாக ஓடியது. மேடைக்கு விளிம்பு கட்டியதுபோல் அதுவும் ஓர் அழகுதான். என்னிடம் படிக்கும் பிள்ளைகள், அவர்களின் பெற்றோர் சிலர், எதிர்வீட்டு ஆச்சி. அவித்த பனங்கிழங்கு, சுக்குக் காப்பி.

முதலில் ஜார்ஜ் பாலன்சினின் 'செரனேட்'. ரஷ்யாவில் பிறந்தவர், அமெரிக்காவுக்குப் போய் அங்கே அமைத்த முதல் பாலே இது. ஆண்டு 1934, இசை சைக்கோவ்ஸ்கி. திரை விலகும்போது நீல வெளிச்சத்தில் 17 பெண்கள் வலக்கையை உயர்த்தி நிற்கிறார்கள், நிலவொளியை மறைப்பதுபோல. நின்றுகொண்டே இருக்கிறார்கள்.

"யாருக்கு என்ன ஆயிற்று? கதை என்ன?" என்று கேட்டார் ஆச்சி.

"கதை இல்லை ஆச்சி. இசைதான்."

"கதை இல்லாமல் எதற்கு இத்தனை பேர்?"

எனக்குச் சுருக்கென்றது. இதே ஆச்சி என் பிள்ளைகளின் ஜதிஸ்வரத்தை எத்தனையோ முறை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அதில் பாட்டு வரியும் கிடையாது, கதையும் கிடையாது. ஒரு நாளும் கேட்டதில்லை. வெள்ளைக்காரி ஆடினால் மட்டும் கதை வேண்டியிருக்கிறது.

பிறகு அந்தக் கணம் வந்தது. ஒட்டி நின்ற 17 ஜோடிப் பாதங்களும் ஒரே நொடியில் இருபுறமும் திரும்பின. "டீச்சர், அரைமண்டி!" என்று பிள்ளைகள் கத்திவிட்டார்கள். பாதி சரி. தொடையிலிருந்து காலை வெளிப்புறம் திருப்புவது இருவருக்கும் பொது. நாம் திருப்பியதும் முழங்காலை மடக்கி உட்காருகிறோம், மண்ணைத் தட்டுகிறோம். அவர்கள் திருப்பியதும் மேலே போகிறார்கள்.

17 என்ற கணக்கு எப்படி வந்தது தெரியுமா? பாலன்சின் தன் பள்ளி மாணவிகளை வைத்து இதை அமைத்தார். முதல் நாள் வந்தவர்கள் 17 பேர். 17 பேருக்கே அமைத்துவிட்டார். ஒரு நாள் ஒருத்தி தாமதமாக வந்தாள்; அதுவும் ஆட்டத்துக்குள் சேர்ந்தது. இன்னொருத்தி விழுந்து அழுதாள். விழுந்தது ஆட்டத்தில் இருக்கிறது. தாமதமாக வரும் பிள்ளையை நான் வாசலில் நிறுத்தி வைக்கிறேன். அன்றைக்கு என் மாணவிகள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அடுத்ததும் பாலன்சின் அமைத்ததுதான்: 'அகோன்', 1957, ஸ்ட்ராவின்ஸ்கியின் இசை. 12 பேர், ஒப்பனை உடை எதுவும் இல்லை, பயிற்சிக்குப் போடும் கறுப்பு வெள்ளை உடைதான். நான்கு ஆண்கள் நமக்கு முதுகு காட்டி நிற்பதில் தொடங்குகிறது. இடையில் ஓர் இருவர் ஆட்டம்: வெள்ளைப் பெண் ஒருத்தியும் கறுப்பின ஆண் ஒருவரும். டயானா ஆடம்ஸ், ஆர்தர் மிட்செல் என்ற இருவருக்காக அமைத்தது. அமெரிக்காவில் 1957 என்றால் அந்தக் கையும் அந்தக் காலும் பின்னிக்கொள்வது சாதாரணம் இல்லை. ஆச்சி இதற்குக் கதை கேட்கவில்லை. கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தார்.

மூன்றாவது தொடங்கிய கையோடு மின்சாரம் போய்விட்டது. அரைமணி நேரம் பனியில் உட்கார்ந்து கிழங்கை உரித்தோம். மீதியை அண்ணாச்சி சொல்லட்டும். அவருக்குத்தான் அது பிடித்தது.

ஆழ்வார்குறிச்சிப் பக்கம், மாணவி ஒருத்தியின் அப்பா:

டீச்சர் மாட்டிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் முதல் ஆட்டத்தில் நான் கண்ணயர்ந்துவிட்டேன். குற்றாலத்தில் ஆடல்வல்லான் ஓவியமாக இருப்பதால் அது சித்திர சபை. இங்கே வேட்டியில் ஆடியதால் இது வேட்டி சபை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது.

மூன்றாவது வேறு சங்கதி. பெயர் 'இன் த மிடில், சம்வாட் எலிவேட்டட்'; நடுவில், சற்றே உயரத்தில் என்று பொருளாம். அமைத்தவர் வில்லியம் ஃபோர்சைத். 1987-இல் பாரிஸ் ஓபரா பாலேவுக்காகச் செய்தது. மேடைக்கு மேலே நடுவில் தங்க நிறத்தில் இரண்டு செர்ரிப் பழங்கள் தொங்கும். பெயருக்குக் காரணம் அவ்வளவுதான். இசை தாம் வில்லெம்ஸ் என்பவருடையது. இசை என்றா சொல்வது, இரும்புப் பட்டறையில் இடி விழுந்த சத்தம். வேட்டியே அதிர்ந்தது.

நான் சுடலைமாடன் கோயில் கொடை விழாக்களில் கணியான் கூத்துப் பார்த்து வளர்ந்தவன். அண்ணாவி பாட, மகுடம் என்னும் பறை இரண்டு முழங்க, பெண் வேடம் கட்டிய ஆண்கள் சலங்கையோடு சுழல்வார்கள். ஆடி முடித்தவர் உள்ளே ஓடி ஒளிய மாட்டார். அங்கேயே நிற்பார், முந்தானையைச் சரிசெய்வார், சோடா குடிப்பார், மகுடம் ஏறியதும் மறுபடி இறங்குவார். ஃபோர்சைத்தின் ஆட்டத்தில் அதைத்தான் கண்டேன். ஆடாத நேரத்தில் அவர்கள் சும்மா நடக்கிறார்கள், நின்று மற்றவரைப் பார்க்கிறார்கள். அடுத்த நொடி ஒருத்தி காலை வானத்துக்கு வீசுகிறாள், இடுப்பு ஒரு பக்கம் சரிகிறது, விழப்போகிறாள் என்று நான் எழுந்தேவிட்டேன். விழவில்லை. விழும் இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நிற்பதுதான் ஆட்டமே என்று டீச்சரின் அண்ணன் மகன் விளக்கினார்.

டீச்சர் மறுப்பார்கள். பரவாயில்லை.

கல்லிடைக்குறிச்சி, ஓய்வு பெற்ற தபால் ஊழியர்:

நான் நேரில் பார்த்தவள். மகள் பேறுகாலத்துக்காக நியூஜெர்சிக்குப் போயிருந்தேன். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனபிறகு மருமகன் எனக்கு மட்டும் ஒரு டிக்கெட் எடுத்துக்கொடுத்து லிங்கன் சென்டரில் இறக்கிவிட்டார். நியூயார்க் சிட்டி பாலே ஆடும் அரங்கு. அன்றைக்கும் 'செரனேட்' இருந்தது. இருக்கை கூரைக்குப் பக்கத்தில். மேலிருந்து பார்த்தால் கோலம் போட்டு அழித்து மறுபடி போடுவதுபோல் இருந்தது.

வேட்டியில் பார்த்தவர்களுக்கு ஒன்று கிடைத்திருக்காது: சத்தம். அவர்கள் காற்றில் மிதப்பதாக நாம் நினைக்கிறோம். மேடையில் டக், டக் என்று கேட்கிறது. விரல் நுனியில் நிற்க அவர்கள் போடும் செருப்பின் நுனியில் மரமும் இல்லை, இரும்பும் இல்லை. துணியையும் காகிதத்தையும் பசை தடவி அடுக்கி இறுக வைத்தது. புதுச் செருப்பு சத்தம் போடுகிறது என்று சுவரில் அடித்து, சுத்தியலால் தட்டிப் பதப்படுத்துவார்களாம். முதன்மை ஆட்டக்காரி ஒரே இரவில் ஒரு ஜோடியைத் தீர்த்துவிடுவதும் உண்டு. நாம் சலங்கை கட்டிச் சத்தத்தைக் கேட்க வைக்கிறோம், அவர்கள் அதை அடக்கப் பாடுபடுகிறார்கள்.

முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு அதுதான் ஏக்கமாக இருந்தது. இத்தனை அழகாக ஆடுகிறாளே, கண்ணால் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

பாளையங்கோட்டை, பரத ஆசிரியை:

மதினி, அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் நம் ஆட்டத்துக்கும் அவர்களுக்கும் பழைய தொடர்பு ஒன்று இருக்கிறது. ருக்மிணி தேவி முதலில் கற்றது பாலேதான். ரஷ்ய பாலே ஆட்டக்காரி அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் படித்தார். உங்கள் நாட்டு ஆட்டத்தைப் பாருங்கள் என்று அவரைத் திருப்பிவிட்டவர் பாவ்லோவா. 1936-இல் அவருடைய நடனப் பள்ளியான கலாக்ஷேத்திரம் வந்தது அதற்குப் பிறகு.

அண்ணாச்சிக்கு மறுப்பு எதுவும் இல்லை. மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் இடுப்பைச் சரித்துப் பார்த்து இரண்டு பேர் விழுந்தார்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அதில் ஒருத்தி உங்கள் மகள். அடி ஒன்றுமில்லை.

தை இரண்டாம் ஞாயிறு யிரி கிலியான் அமைத்த 'பெதித் மோர்' என்ற பாலே போடுகிறோம். 1991-இல் சால்ஸ்பர்க் விழாவுக்கு மொசார்ட்டின் இசையில் செய்தது. ஆறு ஆண்கள், ஆறு பெண்கள், ஆறு வாள். ஆச்சி முதல் ஆளாக இடம் பிடித்துவிட்டார். கிழங்கு இருக்கிறது, பாய் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.