சும்மா விட்டா மட்டும் ஹேங் ஆகுற புது டெஸ்க்டாப், வேலை கொடுத்தா நல்லா ஓடுது!!

மாட்டுத்தாவணி_மச்சான்:
வணக்கம் மக்களே, போன மாசம் ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணேன். ஏஎம்டி ரைசன் 5 5600ஜி ப்ராசசர், 8 ஜிபி ரேம் ரெண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. கேபினட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் (பவர் சப்ளை பெட்டி) மட்டும் பழைய மிஷின்ல இருந்தது, நல்லாத்தானே ஓடுதுன்னு அதையே மாட்டிட்டேன். பையன் மூணு மணி நேரம் கேம் ஆடுறான் ஒன்னும் ஆகல, நான் வீடியோ ரெண்டர் போட்டாலும் ஒன்னும் ஆகல, ஆனா அப்படியே விட்டுட்டு சாப்பிட போயிட்டு வந்தா செத்து கிடக்கு. ஸ்லீப், டிஸ்ப்ளே ஆஃப் எல்லாம் ஏற்கனவே நிறுத்தி வெச்சிருக்கேன். நேத்து வந்து பாத்தப்ப மணி 3:40, ஸ்க்ரீன்ல 3:12லயே நிக்குது. ஃபேன் சுத்துது, மவுஸ் நகரல, கேப்ஸ் லாக் அமுக்குனா அந்த குட்டி லைட் கூட மாறல. விண்டோஸ் எரர் பதிவு பண்ற ஈவண்ட் வியூவர்ல கர்னல் பவர் 41னு மட்டும் இருக்கு. விண்டோஸ் ரெண்டு தடவ போட்டாச்சு, ரேம் சோதிக்கிற மெம்டெஸ்ட் ராத்திரி பூரா ஓட்டியாச்சு, ஒரு எரர் இல்ல. கடைக்காரர்ட்ட கேட்டா "ஓடும்போது நல்லாத்தானே இருக்கு, நான் எதப் பாக்குறது"ங்கறாரு.

சிங்கம்_சிங்கிளா:
தல விண்டோஸ தூக்கிட்டு லினக்ஸ் போடுங்க, ஜம்முனு ஓடும்

ஈரோடு_சர்வீஸ்:
லினக்ஸ் போட்டா தீராதுங்க தம்பி, 2017ல முதல் ரைசன் வந்தப்ப ஐடில்ல, அதாவது சும்மா இருக்கும்போது, உறையுதுன்னு அதிகமா புலம்புனதே லினக்ஸ்காரங்கதான்.

மச்சான், அந்த 41 எதையும் சொல்லாது, மிஷின் முறையா ஷட்டவுன் ஆகலன்னு மட்டும்தான் அர்த்தம், அத நீங்களே பட்டன அமுக்கி பண்ணீங்க. மெம்டெஸ்ட்டும் ப்ராசசர சும்மா இருக்க விடாது, அதனால அது பாஸ் ஆனத வெச்சு ஐடில் நல்லாருக்குன்னு சொல்ல முடியாது. எஸ்எஸ்டி விட்டுப்போச்சுன்னா பெரும்பாலும் மவுஸாவது கொஞ்ச நேரம் நகரும், உங்களுக்கு எல்லாம் ஒரே நொடில நிக்குது.

எனக்கு சந்தேகம் அந்த பழைய எஸ்எம்பிஎஸ் மேலதான். வேலை இல்லன்னா ப்ராசசர் சி6னு ஒரு ஆழ்ந்த தூக்கத்துக்கு போகும், உள்ள இருக்கற கோருக்கு (கணக்கு போடுற பகுதி) போற கரண்ட்டயே நிறுத்திடும், அப்ப 12 வோல்ட் லைன்ல இழுவை ரொம்ப கம்மியாயிடும். பழைய டிசைன் எஸ்எம்பிஎஸ் சிலதுக்கு இவ்ளோ கம்மி லோடு தாங்காது, வோல்டேஜ் ஆட்டம் காட்டும். 2013ல இன்டெல்லோட ஹாஸ்வெல் ப்ராசசர் வந்தப்பவே இந்த பேச்சு வந்துச்சு, அதுவரை அந்த லைன்ல இழுவை குறைஞ்சபட்சம் அரை ஆம்பியர்னு இருந்தத ஹாஸ்வெல் 0.05 ஆம்பியருக்கு இறக்கிடுச்சு. பயாஸ்ல (மிஷின் ஆன் ஆகும்போது வர்ற செட்டிங்ஸ்) ஏஎம்டி சிபிஎஸ்ங்கற மெனு உள்ள போயி பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்னு ஒன்னு இருக்கும், ஆட்டோல இருக்கறத டிப்பிக்கல் கரண்ட் ஐடில்னு மாத்துங்க. ஒரு நேரத்துல ஒன்ன மட்டும் மாத்துங்க சாமி, நாலையும் சேத்து மாத்திட்டு எதுனால சரியாச்சுன்னு எங்கிட்ட கேக்கக்கூடாது. அதுக்கும் முன்னாடி ஒரு வேலை, ப்ராசசர் அந்த தூக்கத்துக்கு போகாம இருக்க யூடியூப்ல ஒரு பாட்ட மியூட் பண்ணி ஓட விட்டுட்டு சாப்பிட போங்க.

மாட்டுத்தாவணி_மச்சான்:
அண்ணே பாட்டு ஓடிட்டே இருந்தா ஹேங்கே ஆகல, நிறுத்துனேன், இருபது நிமிஷத்துல செத்துச்சு!! பயாஸ்ல அத மாத்தி ரெண்டு நாளாச்சு, இதுவரைக்கும் ஒரு தடவ கூட நிக்கல. அப்ப இப்படியே விட்டுடலாமா?

ஈரோடு_சர்வீஸ்:
விடலாம், சும்மா இருக்கும்போது கரண்ட்டு கொஞ்சம் கூட இழுக்கும், அவ்ளோதான். ஆனா எஸ்எம்பிஎஸ் எந்த வருஷத்துது?

மாட்டுத்தாவணி_மச்சான்:
ஸ்டிக்கர்ல 2009னு இருக்குண்ணே 🙈

ஈரோடு_சர்வீஸ்:
அடப்பாவி. இன்னைக்கே மாத்துங்க. மாத்திட்டு பயாஸ திரும்ப ஆட்டோல வெச்சு பாருங்க, அப்பதான் குத்தவாளி யாருன்னு உறுதியாகும்.

மாட்டுத்தாவணி_மச்சான்:
அப்டேட்: புது 550 வாட் மாட்டி ஆட்டோலயே விட்டு இன்னையோட ஆறு நாள். ஊருக்கு போயிட்டு வந்தேன், மூணு நாளா ஆன்லயே கிடந்துச்சு, வந்து மவுஸ தொட்டா கடிகாரம் சரியா ஓடிட்டு இருக்கு. பழச யாருக்காவது வித்துடலாமாண்ணே?

ஈரோடு_சர்வீஸ்:
காயலான் கடைல போடுங்க, வாங்குறவன் அடுத்த வாரம் இங்க வந்து இதே கேள்விய கேப்பான்.