ஈசிஆர்ல நிதானமா ஒரு ட்ரிப், கூடவே தாத்தாவோட பெண்டுலம்

கேள்வி:
பொங்கல் முடிஞ்சதும் நானும் வீட்டுக்காரரும் சென்னைலேர்ந்து தரங்கம்பாடி வரைக்கும் கார்ல போறோம், நாலு நாள் இருக்கு, அவசரமே இல்ல. அவரோட தாத்தா கிணறு வெட்ட நீரோட்டம் பாத்தவர், அவர் நூல்ல தொங்கவிட்டு பாத்த பித்தளை குண்டு (பெண்டுலம்) இப்ப எங்ககிட்ட, வழில நாங்களும் அத வச்சு நீரோட்டம் பாக்கணும்னு ஆசை. எங்க நிக்கலாம்?

பதில்:
கடப்பாக்கத்துல ஆலம்பரைக் கோட்டை போங்க சிஸ்டர், இடிஞ்ச செங்கல் சுவரு, பின்னாடியே கழிமுகம், ஆனா காத்து பலமா அடிக்கும் குண்டு நிக்காது. அப்புறம் மரக்காணம் உப்பளம், வெயில் ஏறுறதுக்குள்ள போயிடுங்க.

பதில்:
நான் நிலத்தடி நீர் வேலைல இருக்கேன்ங்க. குண்டு ஆடுறது நிஜம், ஆட்டுறது நம்ம விரல்தான், நமக்கே தெரியாத தசை அசைவு. ஷெவ்ரெல்னு பிரெஞ்சு வேதியியல் அறிஞர் கண்ண கட்டிக்கிட்டு செஞ்சு பாத்தாரு, ஆட்டம் நின்னுடுச்சு, 1833லயே எழுதிட்டாரு. கடலோர மணல்ல தோண்டினா தண்ணி எப்படியும் வரும், மழைத்தண்ணி உப்புத்தண்ணி மேல மிதக்குது, ஆழமா போர் போட்டு உறிஞ்சினா உப்பு ஏறிடும், அதான் பயமே. இடம் வாங்கறப்போ மட்டும் குண்ட நம்பாதீங்க.

கேட்டவர்:
நன்றி அண்ணா. தரங்கம்பாடில 1620ல கட்டுன டேனிஷ் கோட்டை முன்னாடி மணல்ல உக்காந்து கண்ண கட்டிட்டு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் செஞ்சு பாக்கறோம், வந்து எழுதறேன்.