வெட்டின படம் சரிஞ்சு வருது, முகம் நீலமாத் தெரியுது: பைசைட்6, ஓப்பன்சிவி

கல்முனைக் கரை:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கல்முனையில ஒரு ஸ்டூடியோவுக்கு டெஸ்க்டொப் புரோகிராம் ஒண்டு எழுதுறன். படத்தைத் திறக்கவேணும், மவுஸால பெட்டி போட்டு முகத்தை 35×45 மில்லிமீற்றருக்கு வெட்டவேணும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவேணும், மறுகா 4ஆர் (6×4 அங்குல) தாளில எட்டுப் படம் அடிக்கவேணும். பைத்தானில எழுதுறன், ஜன்னலுக்கும் பொத்தானுக்கும் பைசைட்6, பட வேலைக்கு ஓப்பன்சிவி. கடையில இருக்கிறது விண்டோஸ் 10, 4 ஜிபி ராம், 1366×768 திரை.

சிக்கல்கள்: 6000×4000 கெமராப் படம் முழுசாக் காட்டினா நேராத்தான் தெரியுது. வெட்டி 413×531 பிக்சலுக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி எண்டா 35×45 மில்லிமீற்றர்) ரீசைஸ் பண்ணிக் காட்டினா உடன குறுக்கால சரிஞ்சு, கோடு கோடா நிறம் பிரியுது. ரெண்டுலயும் முகம் நீலம். சில நேரம் ஒரு பிழையும் சொல்லாம புரோகிராம் மூடுது. பெட்டி போடுற திரையில மட்டும் படத்தை ஃபைல் பெயராலயே கியூபிக்ஸ்மேப்பில திறக்கிறன், அதில போனில நிமிர்த்தி எடுத்த படங்கள் படுத்துக் கிடக்கு, முகத்தில பெட்டி போட்டா தோள்மூட்டு வெட்டுப்படுது. சில ஃபைல் திறக்கவே இல்ல, ஓப்பன்சிவியின்ட இமேஜ்ரீட் 'நன்' (ஒண்டுமில்ல) எண்டு திருப்பித் தருது. வெளிச்சச் சிலைடரை இழுத்தா திரை உறைஞ்சு நிக்குது.

காட்டுறது கியூலேபலில, கியூஇமேஜைக் கியூபிக்ஸ்மேப்பா மாத்தி. கியூஇமேஜுக்கு டேட்டா, அகலம், உயரம், ஆர்ஜிபி888, இவ்வளவுதான் குடுக்கிறன்.

வாவிக்கரை:

தம்பி, முதல் மூண்டு சிக்கலும் அந்தக் கடைசி வரியிலதான் இருக்கு.

ஒரு பிக்சலுக்கு 3 பைட். 413 பிக்சல் எண்டா ஒரு வரிக்கு 1239 பைட். பைட்ஸ்பெர்லைன், அதாவது ஒரு வரிக்கு எத்தினை பைட் எண்டதைக் குடுக்காட்டி, ஒவ்வொரு வரியும் 4 ஆல மிச்சமில்லாமப் பிரிபடும் எண்டு கியூடி (பைசைட்6 க்கு அடியில ஓடுறது) தானே எடுத்துக்கொள்ளும். அப்ப அது 1240 பைட்டை ஒரு வரியா வாசிக்கும். ஒவ்வொரு வரியிலயும் ஒரு பைட் பிந்தும், மூண்டு வரிக்கு ஒரு பிக்சல் நகரும். 531 வரி போய் முடியக்குள்ள 177 பிக்சல் விலகியிருக்கும், அதுதான் சரிவு. ஒரு பைட் எண்டது முழுப் பிக்சல் இல்லயே, அதால சிவப்பு இருக்கவேண்டிய இடத்தில பச்சை வருது, கோடு கோடா நிறம் பிரியுது. முழுப்படத்தில 6000×3 எண்டா 18000, அது 4 ஆல பிரிபடுது. அதாலதான் அங்க ஒண்டும் தெரியல்ல. படத்தின்ட முடிவில 531 பைட் உங்கட நினைவகத்துக்கு வெளியால வாசிக்குது எண்டதையும் கவனிங்க.

தீர்வு: நாலாவது இடத்தில அந்த நம்பை அடுக்கின்ட (ஓப்பன்சிவி படத்தை வைச்சிருக்கிற எண் அடுக்கு) ஸ்ட்ரைட்ஸின்ட முதல் எண்ணைக் குடுங்க, ஒரு வரிக்கு உண்மையா எத்தினை பைட் எண்டது அதுதான், அதுக்குப் பிறகு ஃபோர்மட். அகலத்தை 3 ஆல பெருக்கிக் குடுக்கலாம்தான், ஆனா அது அடுக்கு தொடர்ச்சியா இருந்தா மட்டும் சரி. பெரிய படத்தில ஸ்லைஸ் பண்ணி எடுத்த துண்டு தொடர்ச்சி இல்ல, அதின்ட வரி இன்னும் 18000 பைட்தான். ரீசைஸ் பண்ணாம நேரே காட்டுறதெண்டா நம்பையின்ட அஸ்கன்டிகுவஸ்அரே போட்டுத் தொடர்ச்சியான கொப்பியா எடுத்துக்கொள்ளுங்க.

நீல முகம் வேற கதை. ஓப்பன்சிவி நீலம், பச்சை, சிவப்பு எண்ட ஒழுங்கில வைக்குது, நீங்க ஆர்ஜிபி எண்டு சொல்லுறீங்க. கியூடி 5.14 இல இருந்து பிஜிஆர்888 எண்ட ஃபோர்மட் இருக்கு, அதைப் போட்டா நிறம் மாத்துற வேலையே இல்ல.

பிழை சொல்லாம மூடுறதுக்கு அந்த 531 பைட்டும் காரணமா இருக்கலாம், இதுவும் காரணமா இருக்கலாம்: இப்பிடி உருவாக்கின கியூஇமேஜ் படத்தைத் தனக்குள்ள வைக்கிறதில்ல, உங்கட அடுக்கின்ட முகவரியைத்தான் வைக்குது. ஃபங்ஷன் முடிஞ்சு பைத்தான் அடுக்கை அழிச்சா, கியூஇமேஜ் வெறும் இடத்தைப் பாத்துக்கொண்டிருக்கும். கியூஇமேஜை ஒரு தரம் கொப்பி பண்ணித் திருப்பி அனுப்புங்க. 413×531 படத்துக்கு அது முக்கால் எம்பியும் இல்ல, யோசிக்கவேணாம்.

சம்மாந்துறை நெல்வயல்:

வாவிக்கரை சொன்னது சரி. தோள்மூட்டு வெட்டுப்படுறதைப் பாப்பம். அதுக்குள்ள ரெண்டு பிழை ஒண்டா ஒளிஞ்சிருக்கு.

போன் நிமிர்த்திப் பிடிச்சு எடுத்தாலும் பிக்சலைப் படுத்தபடிதான் எழுதும். ஃபைலுக்குள்ள படத்தோட சேத்து எழுதுற எக்ஸிஃப் ஓரியன்டேஷன் எண்ட குறியில, பெரும்பாலும் 6 எண்டு, "வலப்பக்கம் 90 பாகை திருப்பிக் காட்டு" எண்டு போட்டுவைக்கும். ஓப்பன்சிவியின்ட இமேஜ்ரீட் அதைத் தானே பாத்துத் திருப்பும். ஃபைல் பெயரைக் குடுத்துத் திறக்கிற கியூபிக்ஸ்மேப் திருப்பாது. உங்கட திரையில கிடக்கிறது படுத்த படம், வெட்டுப்படுறது நிமிர்ந்த படம், அப்ப எப்பிடிப் பெட்டி பொருந்தும்? கியூஇமேஜ்ரீடரில செட்ஆட்டோட்ரான்ஸ்ஃபோர்ம் ட்ரூ போடுங்க, சொல்லாட்டி அது செய்யாது.

ரெண்டாவது, பெட்டியின்ட இடக் கணக்கு. லேபல் 900×640 எண்டு வைப்பம். 900/6000 எண்டா 0.15, 640/4000 எண்டா 0.16. சின்னதைத்தான் எடுக்கவேணும், 0.15. படம் 900×600 ஆத் தெரியும், நடுவில வைச்சா மேல 20, கீழ 20 வெறுமை. லேபலில 300, 200 எண்ட இடத்தில மவுஸ் அமத்தினா, படத்தில எக்ஸ் 300/0.15 அதாவது 2000. வை எண்டா முதல்ல 20 ஐக் கழிச்சு 180/0.15, அதாவது 1200. அந்த 20 ஐ மறக்கிறதுதான் வழமையாப் பிழைக்கிற இடம். 133 பிக்சல் விலகும். செட்ஸ்கேல்ட்கன்டென்ட்ஸ் போட்டிருந்தா எடுத்துவிடுங்க, அது அகலத்தையும் உயரத்தையும் தனித்தனியா இழுத்து முகத்தை நீட்டிப்போடும்.

சூம் பண்ற எண்ணம் இருந்தா லேபலை விட்டுட்டு கியூகிராஃபிக்ஸ்வியூவுக்கே மாறுங்க. ஃபிட்இன்வியூ, மேப்டுசீன் ரெண்டும் இந்தக் கணக்கையெல்லாம் பாத்துக்கொள்ளும். பெட்டியை 7:9 விகிதத்திலயே பூட்டிவைங்க, 35×45 எண்டது அதுதான். பெட்டி மூலப்படத்தில 413×531 ஐ விடச் சின்னதாப் போனா ஒரு எச்சரிக்கை காட்டுங்க, இல்லாத விவரத்தை ரீசைஸ் உண்டாக்கித் தராது. சிறுப்பிக்கக்குள்ள இன்டர்ஏரியா போடுங்க, இல்லாட்டித் தலைமயிர் ஓரம் பல்லுப் பல்லா வரும்.

திறக்காத ஃபைல்களின்ட பெயரையோ ஃபோல்டரையோ பாருங்க, தமிழில இருக்கும் எண்டு நினைக்கிறன். விண்டோஸில இமேஜ்ரீட் அதில தடுக்கும். நம்பையின்ட ஃப்ரம்ஃபைல் ஆல யுஇன்ட்8 ஆ வாசிச்சு, இமேஜ்டீகோடுக்குக் குடுத்தா திறக்கும். வாடிக்கையாளர் பெயரைத் தமிழில எழுதவேணாம் எண்டு கடைக்காரருக்குச் சொல்லாதீங்க, திருந்தவேண்டியது புரோகிராம்.

கல்முனைக் கரை:

அல்ஹம்துலில்லாஹ், சரிவும் நீலமும் போயிட்டு. ஸ்ட்ரைட்ஸும் பிஜிஆர்888 உம்தான், ஒரு வரி. ஃபோல்டர் பெயர் "கல்யாணம்" எண்டு இருந்தது, சம்மாந்துறை நானா சொன்னதுதான். சிலைடர் மட்டும் இன்னும் உறையுது. ஒவ்வொரு அசைவுக்கும் முழுப்படத்தையும் மாத்தி, அன்டூவுக்கு ஒரு கொப்பியும் வைக்கிறன்.

வாவிக்கரை:

அதுதான் தம்பி ராமைத் தின்னுறது. 6000×4000 ஐ 32 பிட் கியூஇமேஜா வைச்சா ஒண்டுக்கு 96 எம்பி. பத்து அன்டூ எண்டா 960. விண்டோஸும் பிரவுசரும் திறந்திருக்கிற 4 ஜிபி கொம்பியூட்டரில அது டிஸ்க்குக்கு வழியும், திரை உறையும்.

திரைக்குச் சின்னப்படம் ஒண்டு வைங்க. கியூஇமேஜ்ரீடரில வாசிக்க முதல் செட்ஸ்கேல்ட்சைஸ் 1500×1000 குடுத்தா, ஜேபெக்கை விரிக்கக்குள்ளயே சிறுப்பிச்சு எடுக்கும். 6 எம்பிதான், திறக்கிறதும் கெதி. ஆனா அந்த அளவு திருப்ப முதல் உள்ள படத்துக்குரியது. 90 பாகை திரும்புற போன் படத்துக்கு அகலத்தையும் உயரத்தையும் மாத்திக் கணக்குப் பண்ணிக் குடுங்க.

அன்டூவுக்குப் படத்தை வைக்கவேணாம், செய்த வேலையை மட்டும் வைங்க: வெட்டின பெட்டி, வெளிச்சம் கூட்டின அளவு, திருப்பின பாகை. ஒரு சில எண், அவ்வளவுதான். அன்டூ எண்டா கடைசியை எடுத்துப்போட்டு, சின்னப்படத்தில திரும்ப ஓட்டுறது. முழுப்படத்தைச் சேமிக்கக்குள்ள ஒரேயொரு தரம் தொட்டாப் போதும். வெளிச்சத்துக்கு, பழைய அளவுக்குப் புது அளவு எது எண்டு 256 எண்ணுள்ள அட்டவணை ஒண்டு செய்து ஓப்பன்சிவியின்ட எல்யூடிக்குக் குடுங்க. சிலைடரின்ட ஒவ்வொரு அசைவுக்கும் ஓட்டாம, சிங்கிள்ஷொட் டைமர் 40 மில்லிசெக்கன் வைச்சு கை நிண்ட பிறகு ஓட்டுங்க. தனித் த்ரெட்டில போடுறதெண்டா அங்க கியூஇமேஜ் மட்டும். கியூபிக்ஸ்மேப்பைப் பிரதான த்ரெட்டுக்கு வெளியால தொடாதீங்க.

சம்மாந்துறை நெல்வயல்:

அடிக்கிற பக்கமும் சொல்லிவிடுறன், அங்கதான் மறுகா மாட்டுப்படுவீங்க. 4ஆர் தாள் 300 டிபிஐயில (அங்குலத்துக்கு 300 புள்ளி) 1800×1200 பிக்சல். நாலு நிரல், ரெண்டு வரிசை, இடைவெளி 24 பிக்சல், அதாவது 2 மில்லிமீற்றர், கத்தரிக்கோல் போக அது காணும். 4×413 உம் 3×24 உம் சேர்த்து 1724, இடமும் வலமும் 38 விடுங்க. 2×531 உம் 24 உம் 1086, மேலும் கீழும் 57. சேமிக்கிற கியூஇமேஜுக்கு செட்டொட்ஸ்பெர்மீட்டர் எக்ஸ், வை ரெண்டுக்கும் 11811 போடுங்க, அது 300 டிபிஐ. போடாட்டி வேறொரு புரோகிராமில திறந்து அடிக்கக்குள்ள அளவு மாறும்.

பிரின்டர் ட்ரைவரில ஓரமில்லாம அடிக்கிற தெரிவு போட்டிருந்தா, அது தாளை நிரப்புறதுக்காகப் படத்தைக் கொஞ்சம் பெருப்பிக்கும். 35 உங்கட கணக்கில சரியா இருந்தும் தாளில 36 ஆ வரும், விண்ணப்பம் திரும்பி வரும். அந்தத் தெரிவை எடுத்துப்போட்டு, வெறும் தாளில சரியா 100 மில்லிமீற்றர் கோடு ஒண்டு முதல்ல அடிச்சு அடிமட்டத்தால அளந்து பாருங்க. 103 எண்டு வந்தா ட்ரைவர் இன்னும் பெருப்பிக்குது, "தாளுக்குப் பொருத்து" எண்ட தெரிவையும் தேடி எடுங்க. 100 வந்த பிறகு போட்டோத் தாளை வைங்க.