2,000 கன்று நட வேண்டும், கையில் ஒரு டேங்கர்தான் இருக்கிறது: ஊர் மரத் திட்டத்தை எப்படி வகுப்பது?

ஊர்நிழல் கேட்டது:

வணக்கம். ஊரின் பொது மரங்களுக்கு ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று எழுத வேண்டும். தெருவோரம், பூங்கா எல்லாம் சேர்த்து இப்போது சுமார் 4,000 மரங்கள் இருக்கும். முறையான கணக்கெடுப்பு நடந்ததில்லை. வரும் நடவுப் பருவத்தில் 2,000 கன்று நட வேண்டும் என்று மேலிடத்தில் இலக்கு வைத்திருக்கிறார்கள். எங்களிடம் 5,000 லிட்டர் டேங்கர் ஒன்று, ஓட்டுநர், குழாய் பிடிக்க ஒருவர். கவாத்துக்குத் தனி ஆள் இல்லை. மின்கம்பியில் கிளை பட்டால் வந்து வெட்டுவார்கள், அவ்வளவுதான்.

2,000 என்பது நடக்கிற காரியமா? எந்த மரம் எத்தனை என்று எதை வைத்து முடிவு செய்வது? நடவை ஒப்பந்தத்துக்கு விட்டால் பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது? பழைய மரங்களுக்கு எவ்வளவு ஒதுக்குவது? விவரம் தெரிந்தவர்கள் எண்களோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

வேரடிமண் எழுதியது:

கன்று எண்ணிக்கையைத் தண்ணீரிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

புதுக் கன்றுக்கு ஒரு தடவைக்கு 20 லிட்டர். குழாயில் நிமிடத்துக்கு 30 லிட்டர் வந்தால் ஊற்ற 40 விநாடி போதும். ஆனால் வண்டியை நகர்த்தி நிறுத்தி, குழாயை இழுத்து, பாத்தி உள்வாங்கும்வரை நின்று, சுருட்டிக்கொண்டு அடுத்த கன்றுக்குப் போவதற்குள் இரண்டரை நிமிடம் ஆகிவிடும். எட்டு மணி நேர வேலையில் தண்ணீர் பிடிப்பது, போக்குவரத்து, ஓய்வு போக ஊற்றக் கிடைப்பது ஆறு மணி நேரம். அதாவது நாளைக்கு 144 கன்று. வாரத்தில் ஐந்து நாள் ஓட்டம், ஆறாவது நாள் பழுதுக்கும் விட்டுப்போனதற்கும் என்று வைத்தால் வாரத்துக்கு 700 தடவை ஊற்றலாம். 144 கன்றுக்குத் தேவை 2,880 லிட்டர்தான், ஆகவே டேங்கரின் கொள்ளளவு உங்களுக்குத் தடையே இல்லை. தடை ஆள்நேரம். பெரிய டேங்கர் கேட்பதைவிட இரண்டாவது குழாயும் அதைப் பிடிக்க இன்னொரு ஆளும் கேளுங்கள்.

மழையில்லாத மாதங்களில் முதல் ஆண்டுக் கன்றுக்கு வாரம் இரு முறை, இரண்டாம் ஆண்டு வாரம் ஒரு முறை, மூன்றாம் ஆண்டு இரு வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் வேண்டும். மணல் மண்ணில் இன்னும் அடிக்கடி, களிமண்ணில் இடைவெளி விட்டு. ஆண்டுதோறும் ஒரே எண்ணிக்கையில் நட்டுக்கொண்டே போனால் மூன்றாம் ஆண்டில் வாரச் சுமை அந்த எண்ணிக்கையைப் போல் மூன்றரை மடங்காகிவிடும். 700-ஐ 3.5-ஆல் வகுத்தால் 200. உங்கள் டேங்கர் ஆண்டுக்கு 200 கன்றைத்தான் தாங்கும். 2,000 நட்டால் முதல் கோடையிலேயே வாரத்துக்கு 4,000 தடவை ஊற்ற வேண்டும். அதற்கு ஆறு டேங்கர் வேண்டும்.

இன்னொரு பக்கம் இழப்புக் கணக்கு. ரோமன், ஸ்கடீனா என்ற இரு ஆய்வாளர்கள் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியிட்டதில் தெருமரங்களின் ஆண்டு இழப்பு 3.5 முதல் 5.1 விழுக்காடு வரை இருந்தது. சராசரி ஆயுள் 19 முதல் 28 ஆண்டு. உங்கள் 4,000 மரத்தில் 4 விழுக்காடு போனால் ஆண்டுக்கு 160. அப்படியானால் 200 நட்டு எல்லாமே பிழைத்தாலும் கூடுவது 40 மரம். இருக்கிற மரங்கள் சாவதைப் பாதியாகக் குறைத்தால் ஒரு கன்றும் நடாமலே ஆண்டுக்கு 80 மரம் மிஞ்சும், அதுவும் நிழல் தரும் வயதில் உள்ள மரம். பழைய மரங்களுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்ற கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. என் கருத்தில் பாதிக்குக் குறையக்கூடாது.

நடவில் தவறு நடக்கிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். குழியின் அகலம், கன்றின் வேரைச் சுற்றியுள்ள மண்கட்டியைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம். ஆழம் மண்கட்டியின் உயரத்துக்கு மேல் ஒரு விரற்கடைகூட வேண்டாம். ஆழமாகத் தோண்டி மண்ணைத் தள்ளி அதன்மேல் கன்றை வைத்தால், தண்ணீர் விட்டதும் அந்த மண் அமுங்கிக் கன்று கீழே இறங்கும், வேர்க்கழுத்து புதைந்துபோகும். தண்டு விரிந்து வேராக மாறும் அந்த இடம் தரைமட்டத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். புதைந்தால் பட்டை அழுகும், அல்லது வேர் தண்டைச் சுற்றி நெரிக்கும். நாலைந்து ஆண்டு நன்றாக இருந்துவிட்டுப் பிறகு காரணம் தெரியாமல் காயும் மரங்களைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

பாலித்தீன் பையை முழுவதும் கிழித்து எடுங்கள். அடியை மட்டும் கிழித்து வைப்பது போதாது. பைக்குள் வட்டமாகச் சுற்றிய வேர்களை மண்கட்டியின் பக்கவாட்டில் மூன்று நான்கு இடத்தில் 2 செ.மீ. ஆழத்துக்கு மேலிருந்து கீழாகக் கீறிவிடுங்கள். குழியைத் தோண்டிய மண்ணாலேயே நிரப்புங்கள். குழி முழுக்க எருவைக் கொட்டினால் அது மட்கி அமுங்கும், களிமண் இடத்தில் குழி தொட்டிபோலத் தண்ணீரைப் பிடித்துவைக்கும். எருவை மேலே தூவி அதன்மேல் 5 முதல் 8 செ.மீ. மூடாக்கு (சருகு, வைக்கோல் போன்ற போர்வை) போடுவது நல்லது, தண்டைச் சுற்றி ஒரு கையகலம் இடம் விட்டு. நடுவதற்கு முந்தின நாள் குழியில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். 24 மணி நேரம் கழித்தும் தேங்கி நின்றால் அந்த இடத்துக்கு வேறு இனம், இல்லையென்றால் வேறு இடம்.

தோப்புமேடு எழுதியது:

மேலே சொன்ன கணக்கோடு ஒத்துப்போகிறேன். இனத் தேர்வைப் பற்றி.

அமெரிக்க மர ஆய்வாளர் சாண்டமூர் 1990-இல் சொன்ன விதி இன்றும் பலர் கைக்கொள்வது: ஒரே இனம் 10 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம், ஒரே பேரினம் 20-க்கு மேல் வேண்டாம், ஒரே குடும்பம் 30-க்கு மேல் வேண்டாம். எல்ம் மரங்கள் டச்சு எல்ம் நோயில் சாய்ந்த பிறகு அங்கே பல ஊர்கள் அந்த இடங்களை ஆஷ் மரத்தால் நிரப்பின. 2002-இல் ஆஷ் துளைப்பான் வண்டு கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டில் அந்தத் தெருக்கள் மறுபடியும் மொட்டையாயின.

வெப்பநாட்டு ஊர்களில் பேரினத்தைவிடக் குடும்பக் கணக்குதான் ஏமாற்றும். புங்கன், சரக்கொன்றை, இயல்வாகை, தூங்குமூஞ்சி, குல்மோகர், புளி என்று ஆறு இனம் நட்டுவிட்டுப் பல்வகைமை வந்துவிட்டதாக எழுதுவார்கள். ஆறும் அவரைக் குடும்பம். ஆல், அரசு, அத்தி, இத்தி நான்கும் ஒரே பேரினம். வேம்பும் மகாகனியும் ஒரே குடும்பம். வேம்பில் நுனிக்கருகல் பரவும்போது தெரு முழுக்க வேம்பாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நாவல், மகிழம், பூவரசு, நீர்மருது, புன்னை போன்றவை வேறு வேறு குடும்பங்கள். மண்ணும் மழையும் ஒத்துவந்தால் இவற்றை நாற்றங்காலில் ஓராண்டு முன்பே சொல்லிவையுங்கள். நாற்றங்காலில் அன்றைக்குக் கிடைப்பதுதான் ஊரின் இனப் பட்டியலாகிவிடுகிறது. பல்வகைமை கெடுவது அங்கேதான்.

அடுத்தது மண் அளவு. முதிர்ந்த மரத்தின் தலைவிரிவு நிலத்தில் எத்தனை சதுர மீட்டரை மூடுகிறதோ, அதில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 0.3 முதல் 0.6 கன மீட்டர் வேரோடும் மண் வேண்டும். 8 மீட்டர் விரியும் மரம் மூடுவது ஏறக்குறைய 50 சதுர மீட்டர், ஆக 15 முதல் 30 கன மீட்டர் மண். நடைபாதையில் ஒரு மீட்டர் சதுரத்தில் ஒரு மீட்டர் ஆழம் தோண்டிச் சுற்றிலும் கான்கிரீட் கட்டினால் கிடைப்பது 1 கன மீட்டர். அங்கே பெரிய மரத்தை வைத்தால் ஒன்று குன்றிப்போகும், அல்லது நடைபாதையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும். தனித்தனிக் குழிகளை ஒரே நீளப் பட்டையாக இணையுங்கள். வழி இல்லாத இடத்தில் சிறிய மரம் நடுங்கள். மின்கம்பிக்கு நேர் கீழே முழு வளர்ச்சியில் 6 மீட்டருக்குள் நிற்பது மட்டும்.

கணக்கெடுப்பை முதலில் முடியுங்கள். இடம், இனம், 1.3 மீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவு, நிலை, அவசர வேலை என்ன, கீழே மனித நடமாட்டம் எப்படி. இந்த ஆறு போதும். கைப்பேசியில் ஜிபிஎஸ் குறித்து ஒரே எக்செல் தாளில் ஏற்றலாம். முப்பது கட்டம் உள்ள படிவம் வைத்தால் பாதியில் நின்றுபோகும். காலி இடங்களையும் அதே தாளில் குறியுங்கள்.

ஊர்நிழல்:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். 200 என்று எழுதினால் மேலிடத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், மீதியை வேறு வழியில் காப்பாற்ற முடியுமா? கம்பிக்குக் கீழே ஏற்கெனவே உள்ள பெரிய மரங்களை ஒரே உயரத்தில் மொட்டையடித்து, வெட்டிய இடத்தில் தார் பூசுகிறார்கள். அது சரிதானா?

கவாத்துவாள் எழுதியது:

சரியில்லை, இரண்டுமே. நடுக்கிளையில் மொட்டையாக வெட்டினால் வெட்டுக்குக் கீழே கொத்தாகத் துளிர் வரும். அந்தத் துளிர்கள் மேற்பரப்பில் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பவை. இரண்டு மூன்று ஆண்டில் பழைய உயரத்தைத் தொட்டுவிடும், அதற்குள் உள்ளே அழுகலும் இறங்கியிருக்கும். அடுத்த பெருங்காற்றில் முறிவது அந்தக் கிளைகள்தான். தார் காயத்தை ஆற்றாது. மரம் காயத்தைச் சுற்றித் தடுப்புத் திசு எழுப்பி அழுகலை அடைத்துக்கொள்கிறது என்பதை அமெரிக்க மர நோயியலாளர் அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான தண்டுகளை அறுத்துக் காட்டியிருக்கிறார். பூச்சு அதற்குத் துணை செய்வதில்லை, ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கத்தான் உதவும்.

கம்பி இருக்கும் இடத்தில் திசை பார்த்துக் கவாத்து செய்யுங்கள். கம்பியை நோக்கிப் போகும் கிளையை, விலகிப் போகும் பக்கக்கிளை பிரியும் இடம் வரை எடுத்துவிடுங்கள். விட்டுவைக்கும் பக்கக்கிளை, எடுக்கும் கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். ஒரே ஆண்டில் பசுந்தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். முதிர்ந்த மரத்துக்கு அதிலும் குறைவாக. மின்சாரம் ஓடும் கம்பி அருகே மின்துறையின் பயிற்சி பெற்ற ஆள்தான் ஏற வேண்டும். அவர்களுக்கு இந்த முறையை எழுத்தில் கொடுத்து, முதல் தெருவில் உடனிருந்து செய்யவையுங்கள்.

கனமான கிளைக்கு மூன்று வெட்டு. முதலில் தண்டிலிருந்து 30 செ.மீ. தள்ளிக் கீழிருந்து மேலாக மூன்றில் ஒரு பங்கு. பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுவதும். எடை விழுந்த பிறகு, கிளையடியில் புடைத்திருக்கும் வளையத்துக்கு வெளியே மூன்றாவது வெட்டு. முதல் வெட்டைத் தவிர்த்தால் கிளை விழும்போது தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு போகும். புடைப்பைச் சேர்த்துத் தண்டோடு ஒட்ட வெட்டினால் காயம் மூடவே மூடாது. முளையாக நீட்டி விட்டாலும் அது அழுகி உள்ளே வழிவிடும்.

செலவு குறைந்த கவாத்து, மரம் இளசாக இருக்கும்போது செய்வது. நட்ட மூன்றாம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு, எட்டாம் ஆண்டு மூன்று முறை போய் ஒரே தலைத்தண்டை நிலைநிறுத்துங்கள். சம கனத்தில் இரண்டு தண்டு பிரிந்து கவையில் பட்டை உள்மடிந்திருந்தால் ஒன்றைக் குட்டையாக்குங்கள். கைவாளும் ஏணியும் போதும். இருபது ஆண்டு கழித்து இதே பிழையைத் திருத்தக் கிரேன் வேண்டியிருக்கும்.

பழைய மரங்களைக் கொல்வதில் கவாத்தைவிடப் பள்ளம் தோண்டுவதற்கே பங்கு அதிகம். தண்டின் விட்டத்தைப் போல் 12 மடங்கு ஆரத்துக்குள் தோண்டக்கூடாது என்று சாலை, குடிநீர், தொலைபேசி எல்லாத் துறைக்கும் பொது நிபந்தனை வையுங்கள். 40 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு 4.8 மீட்டர். உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் 60 செ.மீ.யில் இருப்பதால், தவிர்க்கவே முடியாதபோது அதற்கும் கீழே கிடைமட்டமாகத் துளைபோட்டுக் குழாயைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வேர் அறுந்த மரம் உடனே வாடாது, இரண்டு மூன்று ஆண்டு கழித்து உச்சியிலிருந்து காயும். அதற்குள் தோண்டியது யார் என்பதே மறந்திருக்கும். ஆகவே தோண்டிய தேதி கணக்கெடுப்புத் தாளில் ஏற வேண்டும்.

வேரடிமண்:

200-க்கு மேல் போக வழி உண்டு. தெருவையும் பூங்காவையும் பிரியுங்கள். வேலியும் நீர் இணைப்பும் உள்ள பூங்காவில் சொட்டுநீர் போட்டால் டேங்கர் தேவையில்லை. கன்றுக்கு மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் இரண்டு, இரண்டரை மணி நேரம் ஓடினால் 20 லிட்டர். முகப்பில் வடிகட்டி கட்டாயம், வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். உப்புநீர் என்றால் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும், மாதம் ஒருமுறை வரிசையாக நடந்து பாருங்கள். இரண்டாம் ஆண்டில் சொட்டுவான்களைத் தண்டிலிருந்து அரை மீட்டர் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் வேர் அந்த ஈரத்தைச் சுற்றியே நின்றுவிடும். இப்படிப் பூங்காவில் 300, தெருவில் 200 என்றால் ஆண்டுக்கு 500, ஐந்தாண்டில் 2,500. மேலிடத்துக்கு ஐந்தாண்டு எண்ணைக் காட்டுங்கள், கூடவே மூன்றாம் ஆண்டில் உயிரோடு இருக்கும் எண்ணையும் இலக்காக எழுதுங்கள்.

ஒப்பந்தத்தில் நடவு முடிந்ததும் 40 விழுக்காடு, ஓராண்டு கழித்து உயிரோடுள்ள கன்றுகளுக்கு 30, இரண்டாம் ஆண்டு முடிவில் 30. செத்ததை மாற்றி நட்டால் அந்தக் கன்றுக்குக் காலம் மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். இல்லையென்றால் ஆய்வுக்கு முந்தின வாரம் புதிது வைத்துக் கணக்குக் காட்டுவார்கள். நடவு நடக்கும்போதே நூற்றுக்கு ஐந்தை நீங்கள் தேர்ந்தெடுத்து, பக்கத்து மண்ணை விலக்கிப் பை எடுக்கப்பட்டதா, வேர்க்கழுத்து தரைமட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தில் இரண்டு தவறினால் அந்தத் தெரு முழுவதையும் திரும்ப நடச் சொல்லும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

முட்டுக்கம்பையும் கூண்டையும் அகற்றுவது யார் பொறுப்பு என்றும் அதிலேயே எழுதுங்கள். முட்டுக்கம்பு கன்றின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் தளர்வாகக் கட்டப்பட்டு ஓராண்டில் வெளியே வர வேண்டும். தண்டு காற்றில் ஆடினால்தான் அடி பருக்கும். கூண்டு கால்நடைக்காக வைப்பது, தண்டுக்கும் கம்பிக்கும் இடையே கை நுழையாத நிலை வருவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். எடுக்கும் கூலியைத் தனி வரியாகப் போட்டால்தான் எடுப்பார்கள்.